மாதுங்காவும் தாராவியும்: மும்பையில் தமிழர் நடத்திய பள்ளிகளின் நூறு ஆண்டுகள்

மும்பை என்றவுடன் நம் அங்கத்தினர்களில் பலருக்கு மாதுங்காதான் முதலில் ஞாபகத்திற்கு வரும். கோவில்கள், சபாக்கள், பூக்கடைகள், காலையில் டிகிரி காபி என்று ஒரு சின்ன மயிலாப்பூரே அங்கே உண்டு. சென்னையிலும் டில்லியிலும் பெங்களூரிலும் இருக்கும் நம்மவர்களில் பலருடைய தாத்தாவோ பெரியப்பாவோ ஒரு காலத்தில் அங்கே குடித்தனம் நடத்தியிருப்பார். ஆனால் மாதுங்கா கிங்ஸ் சர்க்கிளிலிருந்து அரை மணி நேரம் நடந்தால் தாராவி வந்துவிடும் என்பதும், மும்பையில் தமிழ்க் கல்வியின் வரலாற்றில் அதற்கும் முக்கிய இடம் உண்டு என்பதும் நம்மில் பலர் அறியாத விஷயம்.

வித்யாதானத்தைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசுகிறோம். அந்த தானம் மும்பையில் யாருக்கு எந்த வழியாகப் போய்ச் சேர்ந்தது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்பது, ஆசிரியர்களாகவும் பள்ளி நிர்வாகிகளாகவும் இருக்கும் நம் அங்கத்தினர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறோம்.

பிளேக் நோய் உண்டாக்கிய ஊர்

1896-ல் பம்பாயைப் பிளேக் நோய் தாக்கியது. தெற்குப் பகுதியின் நெருக்கமான சந்துகளில் ஏராளமானோர் மடிந்தார்கள். நகரத்தை விரித்துக் கட்டினால்தான் நோய் அடங்கும் என்று அரசாங்கம் முடிவு செய்து, 1898-ல் பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்ட்டை ஏற்படுத்தியது. அந்த டிரஸ்ட் வடக்கே தாதர், மாதுங்கா, வடாலா, சயான் பகுதிகளில் அகலமான வீதிகளும் காற்றோட்டமான வீடுகளும் கொண்ட குடியிருப்புகளைத் திட்டமிட்டது. பாலக்காடு, தஞ்சாவூர், திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து டைப்பும் சுருக்கெழுத்தும் கற்று வேலை தேடி வந்த நம்மவர்கள், 1920-களில் மாதுங்காவில் நிறைய அளவில் குடியேறினார்கள். ரயில்வே, துறைமுகம், வங்கி, இன்ஷூரன்ஸ் ஆபீஸ்களில் குமாஸ்தா வேலை, மாதச் சம்பளம், குழந்தைகளின் படிப்பே ஒரே சொத்து. இதுதான் அன்றைய குடும்பங்களின் நிலைமை.

தாராவிக்குத் தமிழர்கள் வந்த வழி வேறு. அங்கே தோல் பதனிடும் தொழிற்சாலைகள் இருந்தன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆதிதிராவிடர்களும் தமிழ் முஸ்லிம்களும் அந்த வேலைக்கு வந்தார்கள். சதுப்பு நிலத்தைத் தாங்களே மண் கொட்டி மேடாக்கிக் குடிசை போட்டுக்கொண்டார்கள். தாராவியின் பெரிய மசூதி 1887-லும் பிள்ளையார் கோவில் 1913-லும் ஏற்பட்டவை. மாதுங்காவை அரசாங்கம் திட்டமிட்டுக் கட்டியது. தாராவியோ அங்கே வாழ்ந்தவர்களே உண்டாக்கிய ஊர்.

ரயில் பாதைக்குக் கிழக்கே மாதுங்கா, மேற்கே தாராவி. நடுவில் இருந்த தூரம் வெறும் ரயில் பாதை அல்ல. ஜாதியும் தொழிலும் வகுத்த தூரம் அது. இதைச் சொல்லாமல் பள்ளிகளின் கதையைச் சொல்ல முடியாது.

1924-ம் 1932-ம்

பம்பாய் நகருக்கான ஆரம்பக் கல்விச் சட்டம் 1920-ல் நிறைவேறியது. அதன்படி கட்டாய ஆரம்பக் கல்வி முதன்முதலில் 1925-ல் எஃப், ஜி என்னும் இரண்டு வார்டுகளில்தான் அமலாயிற்று. மாதுங்கா இன்று எஃப் வடக்கு வார்டிலும், தாராவி ஜி வடக்கு வார்டிலும் இருக்கின்றன. அதற்கு ஓராண்டு முன்பே, 1924-ல், தாராவியில் முதல் பள்ளி ஏற்பட்டது. அது ஒரு தமிழ்ப் பள்ளி. தாராவியின் முதல் பள்ளியும் முதல் தமிழ்ப் பள்ளியும் ஒன்றே என்பது நாம் பெருமையோடு நினைவில் வைக்க வேண்டிய செய்தி. அந்தப் பெருமை தோல் தொழிலாளர்களின் குழந்தைகளைச் சேர்ந்தது.

மாதுங்காவில் எம்.வி. வெங்கடேஸ்வரன் என்ற பெரியவரின் முயற்சியால் 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. எஸ்.ஐ.ஈ.எஸ். என்று சொன்னால்தான் பலருக்குப் புரியும். ஆரம்பப் பள்ளியாகத் தொடங்கி, உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, 1960-ல் சயானில் கல்லூரி கண்டு, பிற்காலத்தில் நவி மும்பையின் நெருளில் பெரிய வளாகமாகவும் விரிந்தது. வடாலாவில் எஸ்.ஐ.டபிள்யூ.எஸ். என்னும் தென்னிந்தியர் நலச் சங்கமும் பள்ளிகளும் கல்லூரியும் நடத்தியது.

இந்தச் சங்கங்களுக்குப் பின்னால் பெரும் பணக்காரர்கள் இருந்தார்கள் என்று நினைத்தால் தவறு. நம்மவர்களிடம் இருந்தது பணம் அல்ல, ஆபீஸ் பழக்கம். கூட்டக் குறிப்பு எழுதத் தெரியும். ரசீது போடத் தெரியும். அரசாங்கத்திற்கு விண்ணப்பம் எழுதி, பதில் வராவிட்டால் நினைவூட்டும் கடிதம் எழுதத் தெரியும். வருடா வருடம் கணக்கைத் தணிக்கை செய்து அங்கத்தினர் முன் வைக்கத் தெரியும். பகலில் கம்பெனிக்குச் செய்த வேலையை மாலையில் பள்ளிக்குச் செய்தார்கள். ஒரு கல்வி ஸ்தாபனம் தலைமுறை தாண்டி நிற்பதற்கு இந்தச் சலிப்பூட்டும் காரியங்களே அஸ்திவாரம்.

தாராவியின் பள்ளிக்கு அப்படி ஒரு நிர்வாகக் குழு கிடையாது. அதன் நிர்வாகி மாநகராட்சிதான். வகுப்பு கூட்டுவதும் குறைப்பதும், ஆசிரியரை மாற்றுவதும் நகராட்சி ஆபீஸில் முடிவாகும். பெற்றோருக்கு விண்ணப்பம் எழுதவும் ஆள் தேட வேண்டும். அந்த நிலைமையிலும் அங்கே தமிழ் தொடர்ந்து வந்ததற்குக் காரணம் இரண்டு: பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள், அவர்களை விட்டுப் போகாத ஆசிரியர்கள்.

எந்த மொழியில் படிப்பது?

சுதந்திரத்திற்குப் பிறகு போதனா மொழி பெரிய பிரச்னையாயிற்று. வேற்று மாநிலத்தில் வாழும் மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் ஆரம்பக் கல்வி தர வேண்டும் என்று 1949 ஆகஸ்டில் மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு தீர்மானித்தது. ஒரு பள்ளியில் 40 பேர், அல்லது ஒரு வகுப்பில் 10 பேர் இருந்தால் தாய்மொழி ஆசிரியரை நியமிக்க வேண்டும் என்பது அந்தத் தீர்மானத்தின் கணக்கு. 1956-ல் அரசியல் சட்டத்தில் 350-ஏ என்ற விதி சேர்க்கப்பட்டு, மாநிலங்களும் உள்ளாட்சிகளும் இதற்கு வசதி செய்ய வேண்டும் என்று எழுதப்பட்டது.

அதே காலத்தில் பம்பாய் அரசு வேறு திசையிலும் ஓர் உத்தரவு போட்டது. ஆங்கிலம் போதனா மொழியாக உள்ள பள்ளிகளில் ஆங்கிலோ இந்தியர்களையும் ஆசியர் அல்லாத வம்சத்தினரையும் தவிர மற்ற குழந்தைகளைச் சேர்க்கக் கூடாது என்று 1954 ஜனவரியில் அறிவித்தது. தேவ்லாலியில் பள்ளி நடத்திய பம்பாய் கல்விச் சங்கம் வழக்காடியது. அதே வருடம் மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. அடிக்கடி மாற்றலாகும் உத்தியோகஸ்தக் குடும்பங்களுக்கு இது எவ்வளவு முக்கியமான தீர்ப்பு என்பதை விளக்க வேண்டியதில்லை.

நம்மவர்கள் ஆங்கிலத்தையே தேர்ந்தெடுத்தார்கள். பையன் நாளைக்குக் கல்கத்தாவிலோ டில்லியிலோ வேலைக்குப் போக வேண்டும். அதற்குத் தமிழ் வழிப் படிப்பு உதவாது என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு பிழை என்று யாரும் சொல்ல முடியாது. பின்னாளில் அமெரிக்கா வரை போன தலைமுறை அந்த வகுப்புகளில்தான் உட்கார்ந்திருந்தது. ஆனால் அதன் விளைவு ஒன்று உண்டு. தமிழ் வழிக் கல்வி என்பது மும்பையில் ஏழைகளின் கல்வியாகிவிட்டது. கமிட்டி நடத்தத் தெரிந்தவர்களின் குழந்தைகள் அந்தப் பள்ளிகளில் இல்லை. ஆகவே அந்தப் பள்ளிகளுக்காக மனு எழுதவும் ஆள் இல்லை.

மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகள் நெடுங்காலம் பெரும்பாலும் ஏழாம் வகுப்போடு நின்றன. எட்டாம் வகுப்புக்குப் போகும் குழந்தை ஒரே கோடை விடுமுறையில் ஆங்கிலத்திற்கோ ஹிந்திக்கோ மாற வேண்டும். நேற்று வரை தமிழில் படித்த கணக்கும் விஞ்ஞானமும் இன்று வேறு மொழியில் வரும்போது, கெட்டிக்காரப் பிள்ளையும் திணறும். பலர் அந்தப் படியிலேயே படிப்பை விட்டு வேலைக்குப் போனார்கள். அவர்களுக்கு அறிவு குறைவில்லை. குறைவு பள்ளி போட்ட படிக்கட்டில் இருந்தது.

1966-ல் சிவசேனை தோன்றியதும், தென்னிந்தியர்கள் உத்தியோகங்களைப் பறித்துக்கொண்டார்கள் என்ற கிளர்ச்சி எழுந்தது. மாதுங்கா குமாஸ்தாவும் தாராவித் தொழிலாளியும் அந்த நாட்களில் ஒரே பட்டப்பெயரால் ஏசப்பட்டார்கள். எதிர்ப்பு காட்டியவர்களின் கண்ணில் இருவரும் ஒரே கூட்டம்தான். அந்த அனுபவத்திலிருந்து மும்பைத் தமிழர்கள் கற்ற நல்ல பாடம், வாழும் ஊரின் மொழியை நன்றாகப் படிக்க வேண்டும் என்பது. மராத்தி சரளமாகப் பேசும் தமிழ்த் தலைமுறை அதற்குப் பிறகுதான் பெருகியது.

செம்பூரும் அதற்கு அப்பாலும்

1950-களில் டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் அணுசக்தி நிலையமும் வந்தன. அந்த நிலையம் 1967-ல் பாபா அணு ஆராய்ச்சி மையம் என்று பெயர் பெற்றது. இஞ்சினீயர்களும் விஞ்ஞானிகளுமாக நம்மவர்கள் செம்பூருக்குக் குடிபெயர்ந்தார்கள். சேடா நகரில் முருகன் கோவிலும், செம்பூரில் ஃபைன் ஆர்ட்ஸ் சபாவும் ஏற்பட்டன. அணுசக்தி ஊழியர்களின் குழந்தைகளுக்காக 1969-ல் அணுசக்திக் கல்விச் சங்கம் தொடங்கப்பட்டது. பல மாநிலக் குழந்தைகள் சேர்ந்து படிக்கும் அந்தப் பள்ளிகளில் எந்த ஒரு மாநில மொழியும் போதனா மொழியாக இருக்க வழியில்லை.

பிறகு முலுண்ட், டோம்பிவிலி, நெருள், வாஷி என்று குடும்பங்கள் பரவின. வீடு விசாலமாயிற்று, ஒரே தெருவில் பத்துத் தமிழ்க் குடும்பம் என்பது போயிற்று. பேரக் குழந்தைகள் தமிழ் பேசுகிறார்கள், படிக்கத் தெரிவதில்லை. தாத்தா எழுதிய கடிதத்தை இன்னொருவர் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் வாழ்வது நின்றவுடன் மொழியும் பள்ளியை விட்டு வீட்டுக்குள் ஒடுங்கியது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு கீழே வருவதைப் படிக்க வேண்டும்.

நிர்வாகிகளும் ஆசிரியர்களும் அறிய வேண்டியவை

மஹாராஷ்டிரத்தில் தனியார் பள்ளி ஊழியர்களின் பணிப் பாதுகாப்புக்கு 1977-ஆம் ஆண்டுச் சட்டமும் 1981-ஆம் ஆண்டு விதிகளும் அடிப்படை. நியமனம், தகுதிகாண் காலம், சீனியாரிட்டி, விசாரணை எல்லாவற்றுக்கும் அவற்றில் முறை உண்டு. பல வழக்குகள் நிர்வாகத்தின் கெட்ட எண்ணத்தால் வருவதில்லை. நியமன உத்தரவைச் சரியாக எழுதாததால் வருகின்றன.

சிறுபான்மை அந்தஸ்து பற்றி 2002 அக்டோபர் 31-ல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. மொழிச் சிறுபான்மை யார் என்பதை மாநிலத்தை அலகாகக் கொண்டே பார்க்க வேண்டும் என்றது. சென்னையில் பெரும்பான்மையான தமிழர், மாதுங்காவில் சிறுபான்மை. தமிழர்கள் மும்பையில் நடத்தும் பள்ளி அரசியல் சட்டத்தின் 30-ஆவது விதிப்படி பாதுகாப்புப் பெறலாம்.

2010 ஏப்ரல் 1 முதல் அமலான கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவிகித இடங்களை நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்குத் தர வேண்டும் என்றது. 2014 மே மாதம் பிரமாதி வழக்கில், சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு கூறியது. 2025 செப்டம்பர் 1-ல் மஹாராஷ்டிர, தமிழ்நாட்டு வழக்குகளில் தீர்ப்பளித்த இரண்டு நீதிபதிகள் அமர்வு, அந்த முடிவு சரியா என்று ஐயம் எழுப்பி, பெரிய அமர்வின் பரிசீலனைக்காகத் தலைமை நீதிபதியிடம் வைத்தது. அதே தீர்ப்பில், மற்றப் பள்ளிகளில் பணி ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் உள்ள ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்றது. ஐந்து ஆண்டுக்குக் குறைவாக உள்ளவர்கள் தேர்வு எழுதாமல் பணியில் தொடரலாம். பதவி உயர்வு வேண்டுமானால் தேற வேண்டும். இருபது வருடம் பாடம் நடத்திய ஆசிரியைக்கும் இது கவலை தரும் விஷயம். நிர்வாகங்கள் அவர்களுக்குப் படிக்க நேரமும் உதவியும் தர வேண்டும்.

மொழியைப் பொறுத்தவரை, மஹாராஷ்டிரத்தின் 2020-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லா வாரியப் பள்ளிகளிலும் மராத்தியைக் கட்டாயப் பாடமாக்கியது. ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் மொழியாக ஹிந்தி என்று 2025-ல் வந்த அரசாணைகள் பெரும் எதிர்ப்புக்குப் பின் ஜூன் 29-ல் வாபஸ் ஆயின. எப்படிப் பார்த்தாலும் தமிழ் வழியில் படிக்கும் தாராவிக் குழந்தை தமிழ், மராத்தி, ஆங்கிலம் என்று மூன்று எழுத்துக்களைச் சின்ன வயதிலேயே கற்க வேண்டும். அதைக் கற்றுத் தரும் ஆசிரியரின் உழைப்பு சாதாரணமானதல்ல.

பத்து பேர் என்னும் கணக்கு

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்தி வந்திருக்கிறது. தமிழும் அவற்றில் ஒன்று. இந்தியாவில் வேறு எந்த நகராட்சியும் இவ்வளவு மொழிகளுக்கு இடம் கொடுத்திருக்குமா என்பது சந்தேகமே. புத்தகம், சீருடை, காலணி, குடை என 27 பொருட்களை இலவசமாகவும் தந்தது. ஆனாலும் தமிழ் வகுப்புகளில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள். தாராவிப் பெற்றோரும் ஆங்கிலப் பள்ளியை விரும்பத் தொடங்கினார்கள். எண்பது வருடம் முன்னால் மாதுங்கா போட்ட கணக்கைத்தான் அவர்களும் போடுகிறார்கள். அதைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை.

இப்போது புதிதாக ஒரு நிலைமை. தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தை 2022 நவம்பரில் அதானி குழுமம் பெற்றது. 2000 ஜனவரி 1-க்கு முன் தரைத் தளத்தில் குடியிருந்தவர்களுக்கு அங்கேயே இலவச வீடு. பிறகு வந்தவர்களுக்கும் மேல் தளங்களில் இருப்பவர்களுக்கும் வேறு இடங்களில் வீடு என்பது திட்டத்தின் ஏற்பாடு. நல்ல வீடு கிடைப்பதை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரே சந்தில் இருந்த ஐம்பது தமிழ்க் குடும்பங்கள் நகரத்தின் பல மூலைகளுக்குப் பிரிந்துவிட்டால், எந்தப் பள்ளியிலும் 40 பேர் சேர மாட்டார்கள். எந்த வகுப்பிலும் 10 பேர் தேற மாட்டார்கள். சட்டம் தரும் உரிமை புத்தகத்தில் இருக்கும்; வகுப்பு இருக்காது. தமிழ்ப் பள்ளியை யாரும் உத்தரவு போட்டு மூட வேண்டியதில்லை. பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தாலே அது மூடிவிடும். நாம் செம்பூருக்கும் டோம்பிவிலிக்கும் விரும்பிப் போனபோது நமக்கு நடந்ததுதான், அவர்களுக்கு விருப்பம் கேட்கப்படாமல் நடக்கக்கூடும்.

நம்மால் ஆகக்கூடியது

பெரிய தொகை வசூலித்துக் கட்டடம் எழுப்புவதைப் பற்றி நாம் பேசவில்லை. நம்மிடம் என்றும் இருந்த சொத்து ஆபீஸ் பழக்கமும் ஆசிரியர் அனுபவமும்தான். அவை இன்னும் இருக்கின்றன.

முதலாவது, ஏழாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்கு மாறும் குழந்தைகளுக்குக் கோடை விடுமுறையில் ஆறு வாரம் கணக்கு, விஞ்ஞானச் சொற்களை ஆங்கிலத்தில் பழக்கும் வகுப்பு. ஓய்வு பெற்ற நான்கு ஆசிரியர்கள் போதும். தமிழும் ஆங்கிலமும் கணக்கும் தெரிந்த ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்கு மாதுங்காவிலும் செம்பூரிலும் பஞ்சமே இல்லை.

இரண்டாவது, மனு எழுதும் உதவி. எந்தக் குடும்பம் எங்கே மாற்றப்படுகிறது, அங்கே தமிழ் வகுப்பு உண்டா, இல்லாவிட்டால் எத்தனை குழந்தைகள் சேர்ந்து கேட்கலாம் என்று பட்டியல் தயாரித்து, 350-ஏ விதியைக் காட்டி மாநகராட்சியிடம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். வீடு மாறிய பிறகு கேட்டால் காலம் கடந்துவிடும். தாராவியிலேயே இதற்காக உழைக்கும் தமிழ் அமைப்புகள் உண்டு. நாம் அவர்களுக்கு வழிகாட்டப் போக வேண்டாம். அவர்கள் சொல்வதை எழுதிக் கொடுக்கப் போகலாம்.

மூன்றாவது, சிறுபான்மைப் பள்ளிகளை நிர்வகிக்கும் நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 25 சதவிகித விதி நமக்குப் பொருந்துமா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். தமிழன் என்ற அடையாளத்தால் நமக்குக் கிடைத்த பாதுகாப்பில், அதே அடையாளத்தால் அன்று ஏசப்பட்ட தாராவித் தமிழனின் குழந்தைக்கும் பங்கு உண்டு. சட்டம் கட்டாயப்படுத்தும் முன்பே ஒவ்வொரு வகுப்பிலும் சில இடங்களை அந்தக் குழந்தைகளுக்குத் தர எந்தச் சட்டமும் தடையில்லை.

தாராவியின் முதல் பள்ளிக்கு 2024-ல் நூறு வயது நிறைந்தது. 1932-ல் தோன்றிய சங்கத்திற்கு 2032-ல் நூறு ஆகும். அதற்குள், இந்தப் பத்திரிகையைப் படிக்கும் மும்பைக் கிளை அங்கத்தினர்கள் ஒரு முறை 90 அடிச் சாலை வரை போய், ஒரு மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியின் தலைமை ஆசிரியரைச் சந்தித்து, என்ன தேவை என்று கேட்டு வந்தால் போதும். மற்ற ஊர்க் கிளைகளும் தங்கள் ஊரில் வேற்று மொழிக் குழந்தைகள் எந்தப் பள்ளியில், எந்த மொழியில் படிக்கிறார்கள் என்று விசாரிக்கலாம். காரியம் தானாகத் தொடங்கிவிடும்.